கிரியூ அழிந்துகொண்டிருக்கும் ஊரா?

“கம்பெனியில் என்னை இரண்டு ஆண்டுக்கு ஜப்பானில் கிரியூ என்ற ஊருக்கு அனுப்புகிறார்கள். மலையடிவாரத்தில் இருக்கும் சின்னத் தொழில் நகரம். ஒரு காலத்தில் பட்டு நெய்தார்களாம், இப்போது கடைவீதி மூடிக் கிடக்கிறதாம், அழிந்துகொண்டிருக்கும் ஊர் என்கிறார்கள். போகலாமா?” இதுதான் நீங்கள் கேட்டது. இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அங்கே நல்லபடியாக இருக்க முடியுமா என்பது ஒன்று. தன்னை வளர்த்த தொழில் போன பிறகு ஓர் ஊர் எதை வைத்து நிற்கிறது, அங்கே போய் நான் என்ன கற்றுக்கொள்வேன் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் நேரம் பிடிக்கும். உங்கள் உண்மையான கவலையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவன். கிரியூவில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். இரண்டு ஆண்டு அங்குள்ள பல்கலைக்கழகத்தில், மீதி ஒரு சிறிய தறிக்கூடத்தில். நூல், தறி, துணி பற்றி நான் சொல்வது என் கையால் தொட்டுப் பார்த்தது. கார் உதிரிபாக ஆலைகளுக்குள் நான் வேலை பார்த்ததில்லை. அவற்றைப் பற்றி வெளியிலிருந்து தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். விசா, சம்பளம், வரி போன்றவற்றுக்கு அண்மையில் போய்வந்தவர்களைக் கேளுங்கள்.

முதலில் ஊர் இருக்கும் இடம். டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ சமவெளி வடக்கே முடிந்து மலை தொடங்குகிற விளிம்பில், குன்மா மாகாணத்தின் கிழக்குப் பக்கத்தில் கிரியூ இருக்கிறது. டோக்கியோவிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஊருக்குப் பின்னால் ஆஷியோ மலைத்தொடரின் குன்றுகள் விரல்களைப் போல இறங்கி வருகின்றன. மேற்கே 1,828 மீட்டர் உயரமுள்ள அகாகி மலை. வாத்தாராசே ஆறும் கிரியூ ஆறும் ஊரை இரு பக்கமும் அணைத்துக்கொண்டு ஓடுகின்றன. பழைய ஊர் முழுவதும் இந்த இரண்டு ஆறுகளுக்கும் மலைக்கும் நடுவே ஓர் ஆப்பு போலச் செருகிக் கிடக்கிறது. மக்கள்தொகை இப்போது ஏறத்தாழ ஒரு லட்சம். வரைபடத்தில் பார்த்தால் நகராட்சி இரண்டு துண்டாக இருக்கும், குழம்ப வேண்டாம். 2005-இல் அகாகி மலைப் பக்கமுள்ள இரண்டு கிராமங்கள் கிரியூவோடு சேர்ந்தன. நடுவில் இருந்த ஊர்கள் சேராமல் 2006-இல் மிதோரி என்று தனி நகரமாகிவிட்டன.

குன்மாவில் வளர்ந்த எந்தக் குழந்தையிடமும் கிரியூ என்று சொல்லுங்கள், “ஜப்பானின் தறியூர்” என்று மறுநொடி பதில் வரும். 1947-இல் வெளியான ஒரு சீட்டு விளையாட்டில் மாகாணத்தின் ஊர்களையும் மனிதர்களையும் பற்றிச் சீட்டுக்கு ஒரு வரி உண்டு, கிரியூவுக்கு வாய்த்த வரி அது. பெரியவர்கள் “மேற்கே நிஷிஜின், கிழக்கே கிரியூ” என்பார்கள். நிஷிஜின் கியோட்டோவின் பட்டு நெசவுப் பேட்டை.

இந்தப் பெருமை எவ்வளவு பழையது என்று கேட்டால், கதை வேறு, ஆவணம் வேறு என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும். ஊர்க்கதை இப்படிப் போகிறது: 1,300 ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து அரண்மனை வேலைக்குப் போன ஒருவன் ஷிராதாக்கி என்ற அரசவைப் பெண்மீது காதல் கொண்டான், கவிதை பாடியே அவளை மணந்து ஊருக்கு அழைத்துவந்தான், அவள்தான் ஊருக்குப் பட்டு நெசவைக் கற்றுக்கொடுத்தாள். அவளுக்கு ஊரின் ஓரத்தில் கோயில் இருக்கிறது. அங்குள்ள பாறையில் காதை வைத்தால் முன்பு தறிச் சத்தம் கேட்குமாம், யாரோ மரச்செருப்போடு ஏறி மிதித்ததும் நின்றுவிட்டதாம். இது கதை. 714-ஆம் ஆண்டில் இந்தப் பகுதி அரசவைக்குப் பட்டுத் துணியை வரியாகக் கட்டியது என்பது அக்கால அரச வரலாற்றில் பதிவான செய்தி. 1600-இல் செகிகஹாரா போருக்கு, பின்னால் ஜப்பானை ஆண்ட டோக்குகாவா இயேயாசு கேட்டபோது கிரியூ கிராமங்கள் 2,410 கொடிகளுக்குப் பட்டு கொடுத்தன என்று ஊரில் சொல்வார்கள். எண்ணிக்கை அவ்வளவு துல்லியமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் அதற்கு முன்பே இங்கே சந்தைக்கு நெய்கிறவர்கள் நிறைய இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. 1591-இல் டென்மாங்கு கோயில் வாசலிலிருந்து தெற்கே நேர்க்கோடாக ஒரு தெருவை இழுத்து, இரு பக்கமும் மனை பிரித்துப் புதிய ஊர் அமைத்தார்கள். முகப்பு குறுகலாக, பின்பக்கம் நீளமாகப் போகும் மனைகள். முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் கிடங்கும் தறிக்கூடமும். அந்த மனைப் பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது. 2012-இல் அரசு அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத் தொகுதியாக அறிவித்தது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கிரியூவை ஜப்பான் முழுக்க அறியச் செய்த நெசவு அந்த ஊரில் பிறந்ததில்லை. 1730-இல் கியோட்டோவில் பெருந்தீ பிடித்து நிஷிஜின் எரிந்தது. வேலையிழந்த நெசவாளர்கள் பல திசைகளில் சிதறினார்கள். 1738-இல் நிஷிஜினின் உயர்தறி கிரியூவுக்கு வந்தது. அதுவரை இங்கிருந்தவர்கள் தரையோடு தாழ்ந்த தறியில், நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களை இடுப்பில் கட்டி நெய்துகொண்டிருந்தவர்கள். உயர்தறியில் உட்கார்ந்து மிதிபலகையை மிதித்தால் பூவேலை நெய்யலாம், வேகமாகவும் நெய்யலாம். சில பத்தாண்டுகளிலேயே நிஷிஜின்காரர்கள் கிரியூவின் சரக்கு தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது என்று அரசிடம் முறையிடும் நிலை வந்துவிட்டது.

கற்றதோடு நிற்கவில்லை. 1783-இல் இவாசே கிச்சிபேய் என்பவர் நீர்ச்சக்கரத்தால் சுழலும் நூல் முறுக்கும் பொறியைச் செய்தார். ஊருக்குள் வெட்டிய வாய்க்கால்களில் நீர்ச்சக்கரங்கள் வரிசையாக வந்தன. நூல் முறுக்குவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். ‘ஓமேஷி’ என்ற துணிதான் காரணம். பெரியவர் உடுத்துவது என்று பொருள்; டோக்குகாவா வம்சத்தின் 11-ஆவது ஆட்சியாளர் இயேநாரி விரும்பி உடுத்தியதால் அந்தப் பெயர் வந்தது. இதற்கு நூலை முதலிலேயே சாயம் போட்டுவிட வேண்டும். குறுக்கே போகும் ஊடை நூலுக்குப் பசை ஏற்றி, நனைத்தபடியே மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் முறுக்கு ஏற்ற வேண்டும். வலம் முறுக்கிய நூலும் இடம் முறுக்கிய நூலும் மாறி மாறி ஊடையாகப் போகும். நெய்து முடித்த துணியை வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கசக்கும்போது பசை கரையும், அடக்கி வைத்த முறுக்கு விடுபடும், துணி கண்ணெதிரே சுருங்கி முகத்தில் நுண்ணிய மணல் போலச் சொரசொரப்பு எழும்பும். நான் முதல்முறை இதைப் பார்த்தபோது தொட்டிக்குப் பக்கத்திலிருந்து நகர மனமில்லாமல் நின்றேன். முறுக்கு ஒரு துளி பிசகினாலும் துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அங்கே முறுக்குகிறவருக்கு நெய்கிறவருக்குச் சமமான மரியாதை.

இதிலிருந்து ஊரின் இன்னொரு குணம் புரியும். கிரியூவில் ஒரு துணியை ஒரு கூரையின் கீழ் யாரும் செய்வதில்லை. ‘ஓரிமோட்டோ’ எனப்படும் நெசவு முதலாளி நூலும் வடிவமும் முதலும் போடுவார். முறுக்குவது ஒரு வீடு, சாயம் ஒரு பட்டறை, பாவு ஓட்டுவது இன்னொருவர், வடிவத்தைக் கட்டத் தாளில் வரைவது ஒருவர், அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டை (பூவேலைக்கு எந்தப் பாவு நூல் எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் துளை அட்டை) வெட்டுவது வேறொருவர், கூலிக்கு நெய்வது மற்றொரு வீடு, கடைசியில் கஞ்சி, இஸ்திரி, மடிப்பு என்று முடித்துக் கொடுப்பவர் தனி. ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு தொழிற்சாலை, தெருக்கள்தான் அதன் நடைபாதைகள். நான் இருந்த தறிக்கூடத்தின் உரிமையாளர் காலையில் சைக்கிளில் நூல் கண்டுகளோடு கிளம்பினால் நாலைந்து வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டுத்தான் திரும்புவார். அந்தப் பேச்சில்தான் அன்றைய வேலை நடக்கும்.

நெய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்குப் பணம் வந்தது அவர்கள் கையால்தான். குன்மாவில் ‘காக்கா டெங்கா’ என்று ஒரு வழக்கு உண்டு, வீட்டம்மாவின் ஆட்சி என்று பொருள். வெளியூர்க்காரர்கள் இதை அடங்காத மனைவி என்கிற பொருளில் சொல்வார்கள். உள்ளூரில் அது ஆண்கள் தங்கள் மனைவியின் உழைப்பைப் பார்த்துச் சொல்லும் பெருமைப் பேச்சு. பட்டுப்புழு வளர்ப்பு, நூற்பு, நெசவு மூன்றையும் தாங்கிய பெண்களின் இந்த வரலாற்றை 2015-இல் அரசு ஜப்பானிய மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தபோது கிரியூவின் இடங்களும் அதில் இருந்தன.

1859-இல் யோக்கோஹாமா துறைமுகம் திறந்ததும் ஊருக்குப் பெரிய அடி விழுந்தது. கச்சாப் பட்டு பெருமளவில் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏற, நூல் விலை எகிறி, நெய்ய நூலில்லாமல் தறிகள் நின்றன. ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லி கிரியூ கிராமங்கள் அரசிடம் மனுக் கொடுத்தன, பலிக்கவில்லை. அப்புறம் அவர்களே ஏற்றுமதிக்கு மாறினார்கள். ‘ஹபுத்தாயே’ என்ற மெல்லிய வெண்பட்டை நெய்து அனுப்பினார்கள். 1887-இல் கிரியூவிலிருந்து ஒருவர் ஃபுக்குயி என்ற ஊருக்குப் போய் ஹபுத்தாயே நெய்யக் கற்றுக்கொடுத்தார். சில ஆண்டுகளில் ஃபுக்குயி கிரியூவை முந்திவிட்டது. நிஷிஜினிடமிருந்து தாங்கள் எடுத்துக்கொண்டது போலவே தங்களிடமிருந்தும் ஓர் ஊர் எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்ற ஒரு நெசவாளரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “நெசவு ஓர் ஊரில் உட்கார்ந்துகொள்ளாது” என்றார். வருத்தம் அவர் குரலில் இருந்தது, கோபம் இல்லை.

வெண்பட்டு போனதும் ஜக்கார்டுத் துணிகள், செயற்கைப் பட்டு கலந்த துணிகள் என்று அடுத்ததற்குத் தாவினார்கள். 1915-இல் சாயத்துக்கும் நெசவுக்கும் என்று ஒரு அரசு உயர்கல்லூரி வந்தது. இவ்வளவு சிறிய ஊருக்கு அது கிடைத்ததற்குக் காரணம் தறிகள்தான். இன்று அது குன்மா பல்கலைக்கழகத்தின் அறிவியல் பொறியியல் புலம்; பழைய மர அரங்கம் வளாகத்தில் இன்னும் இருக்கிறது. 1921-இல் ஊர் நகரமாக உயர்ந்தது. நெசவுச் சங்கம் 1934-இல் கட்டிய நீல ஓட்டுக் கூரைக் கட்டடம் இப்போது துணி விற்கும் இடமாகவும் காட்சிக்கூடமாகவும் இருக்கிறது.

நீங்கள் போய் இறங்கியதும் கண்ணில் படப்போவது ரம்பப் பல் கூரைகள். பக்கவாட்டில் பார்த்தால் ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லிலும் செங்குத்தான பக்கத்தில் கண்ணாடி, அது பெரும்பாலும் வடக்கு நோக்கி இருக்கும். வடக்கு வெளிச்சத்தில் நேர் வெயில் விழாது, காலையிலும் மாலையிலும் பெரிய மாற்றம் இருக்காது. சாயம் போட்ட நூலில் ஒரு நீலத்துக்கும் பக்கத்து நீலத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அந்த வெளிச்சம்தான் வேண்டும். குழல்விளக்குக்கு அடியில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நூல்கள் அங்கே வேறு வேறாகத் தெரிந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட கூடங்கள் சுமார் 200 இன்னும் மிச்சம் இருக்கின்றன. பெரும்பாலும் மரம், சில கல். 1919-இல் செங்கல்லால் கட்டிய ஒன்று இப்போது ரொட்டிக் கடையாக நடக்கிறது, இன்னொன்றில் ஓவியர்களும் சிற்பிகளும் வேலை செய்கிறார்கள்.

இவை மிஞ்சியதற்கு ஒரு காரணம், இரண்டாம் உலகப் போரில் பக்கத்து ஊர்களான ஓத்தா, இசேசாக்கி, மாயேபாஷி எல்லாம் குண்டுவீச்சில் எரிந்தபோது கிரியூ தப்பியது. ஆனால் குண்டு விழாமலே தறிகள் போயின. போருக்கு உலோகம் வேண்டும் என்று தறிகளை உடைத்து எடுத்துச் சென்றார்கள், காலியான கூடங்களில் ஓத்தாவின் நாக்காஜிமா விமான ஆலைக்கான பாகங்களைச் செய்யவைத்தார்கள். அந்த ஆலையின் வழித்தோன்றல்தான் இன்றைய சுபாரு.

போர் முடிந்ததும் ஊர் மூன்று திசைகளில் கிளைத்தது. 1946-இல் சைக்கிள் விளக்குக்கான டைனமோ செய்யத் தொடங்கிய மிட்சுபா, காருக்கு வைப்பர் மோட்டார், பைக்குக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் என்று வளர்ந்தது. அதன் தலைமையகம் இன்றும் கிரியூவில்தான். நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் அதற்கு ஓர் ஆலை உண்டு. 1949-இல் ஹெய்வா நிறுவனம் பச்சிங்கோ விளையாட்டுப் பொறிகள் செய்யத் தொடங்கியது. அதே தொழிலிலுள்ள சாங்கியோ நிறுவனமும் நெடுங்காலம் கிரியூவைத் தலைமையிடமாக வைத்திருந்தது. மூன்றாவது பலருக்குத் தெரியாதது. அமெரிக்கப் படைவீரர்கள் ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய, முதுகில் புலியும் டிராகனும் பூத்தையல் போட்ட பளபள ஜாக்கெட்டுகள் இருக்கின்றன அல்லவா, அவை யோக்கோசுகா என்ற கடற்படைத் துறைமுகத்தின் பெயரால் ‘சுக்காஜான்’ எனப்படுகின்றன. அவற்றின் பூத்தையல் பெரும்பாலும் நடந்தது கிரியூவிலும் பக்கத்து ஆஷிகாகாவிலும்தான். ஊசி இடமும் வலமும் ஆடும் தனி வகைத் தையல் பொறி அது. ஆட்டத்தின் அகலத்தை முழங்காலால் ஒரு நெம்புகோலைத் தள்ளிக் கட்டுப்படுத்துவார்கள். முன்வரைந்த அச்சு இல்லாமலே புலியின் மீசை முளைக்கும்.

தறியில் பழகிய கைதான் மோட்டாருக்குப் போனது, நூல் சுற்றியவர்கள் செம்புக் கம்பி சுற்றினார்கள் என்று ஒரு விளக்கத்தை நீங்கள் கேட்கக்கூடும். கேட்க இனிமையாக இருக்கிறது, எனக்கும் பிடித்த விளக்கம்தான். ஆனால் அது பாதிதான் சரி என்று நினைக்கிறேன். விமான ஆலை விட்டுச்சென்ற இயந்திர அறிவும் பொறியாளர்களும் இல்லாமல் மோட்டார் தொழில் வந்திருக்காது. தறி கொடுத்தது வேறொன்று. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து நம்பிக்கையோடு அண்டை வீட்டுக்குக் கொடுக்கிற பழக்கம், காலக்கெடுவுக்குள் திருப்பித் தருகிற ஒழுங்கு, சின்ன இடத்தில் பொறி வைத்து ஓட்டுகிற துணிச்சல். உதிரிபாகத் தொழிலுக்கு வேண்டியது இதுதான். அந்த அமைப்பு ஏற்கெனவே தெருக்களில் இருந்தது.

சரி, அழிவு பற்றி. மக்கள்தொகை 1970-களின் நடுவிலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. கிமோனோ உடுத்துவது அன்றாடத்திலிருந்து திருமணத்துக்கும் விழாவுக்கும் சுருங்கியது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அழுத்தத்தால் ஜப்பான் துணி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஒப்புக்கொண்டது. அரசே பணம் கொடுத்துத் தறிகளை வாங்கி உடைத்தது. அதே காலத்தில் ஒக்கினாவா தீவு ஜப்பானுக்குத் திரும்பக் கிடைத்தது. ஒக்கினாவாவின் பெயரில் கயிறு என்ற சொல் இருப்பதால், “நூலை விற்றுக் கயிறு வாங்கினார்கள்” என்று அப்போது நாடெங்கும் பேசினார்கள். பின்னால் மலிவான இறக்குமதியும் வந்தது. பெரிய கடைவீதியான ஹொன்சோவில் வார நாளில் நடந்தால் இரும்புக் கதவு இறக்கிய கடைகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அங்கே போய்வந்தவர்கள் எழுதுவதும் அந்தக் காட்சியைத்தான்.

ஆனால் மூடிய கடைகள் என்னைப் பயமுறுத்தவில்லை. எனக்கு வலித்தது வேறு இடத்தில். முன்னே சொன்னேன், ஒரு துணி பத்துக் கைகள் மாறி வருகிறது என்று. அந்தப் பத்தில் ஒன்று நின்றாலும் மற்ற ஒன்பதும் நின்றுவிடும். நாங்கள் அட்டை வெட்டக் கொடுத்துவந்த முதியவர் ஒரு குளிர்காலத்தில் கண் பார்வை போதவில்லை என்று வேலையை நிறுத்தினார். அவருக்கு அடுத்து யாருமில்லை. எங்கள் கூடத்தில் பழைய பூவேலைகளில் ஒன்றை அதோடு கைவிட்டோம், ஆர்டர் இருந்தது, நெய்பவர் இருந்தார், நூல் இருந்தது. கணினியில் வரைந்து மின்னணு ஜக்கார்டில் ஓட்டும் வழி வந்துவிட்டதால் வடிவ வேலையில் இந்தப் பிரச்சினை ஓரளவு தீர்ந்தது. நனைத்து முறுக்கும் பழைய பொறியை ஓட்டுவதற்கும், அதற்கு உதிரிபாகம் செய்வதற்கும் அப்படிக் குறுக்குவழி கிடையாது. 1977-இல் அரசு ஓமேஷி உட்பட ஏழு வகை நெசவுகளைக் கிரியூவின் மரபுக் கைத்தொழிலாக அறிவித்தது. பெயரைக் காப்பாற்றுவதற்கு அது உதவியது. முறுக்குகிறவருக்கு ஒரு சீடரைச் சேர்த்துத் தர அந்த அறிவிப்பால் முடியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1877-இல் தொடங்கிய காசாமோரி என்ற கூடம் கிமோனோவுக்கான இடைவார்த் துணி நெய்துகொண்டிருந்தது. பிறகு பூத்தையலுக்கு மாறியது. இப்போது துணியே இல்லாமல் நூலை மட்டும் பூத்தையல் பொறியில் தைத்து உருண்டை மணிகளாக்கிக் கழுத்தணி செய்து விற்கிறது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. வேறு சில கூடங்கள் நாடக, சினிமா உடைகளுக்கும் வெளிநாட்டு ஆடை வடிவமைப்பாளர்களுக்கும் ஜக்கார்டுத் துணி நெய்து கொடுக்கின்றன. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதே ஊரில் உருவான எட்டுச் சக்கர மின்பேருந்து ஒன்று பழைய தெருக்களில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஓடுகிறது. அதன் பெயர் ‘மாயு’, பட்டுக்கூடு. ஊர் பெரிதாகாது, அதில் சந்தேகமில்லை. நெசவு மீண்டும் இந்த ஊருக்குச் சோறு போடும் முதல் தொழிலாக ஆகும் என்றும் நான் நம்பவில்லை. ஆனாலும் அழிகிற ஊர் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். புதிதாக ஒன்றைக் கற்று அதைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற குணம் அங்கே இன்னும் போகவில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. வாழலாம், நன்றாகவே வாழலாம். குளிர்காலத்தில் பனி அதிகம் விழாது. மேகங்கள் தங்கள் பனியையெல்லாம் மறுபக்க மலைகளில் கொட்டிவிட்டு வெறும் காற்றாகத்தான் இந்தப் பக்கம் இறங்கும். ‘காராக்காஸே’ என்று பெயர், வறண்ட காற்று. சைக்கிளில் எதிர்க்காற்றில் போனால் மிதித்தும் நகராது, உதடு வெடிக்கும், நல்ல காற்றுத் தடுப்பு மேல்சட்டை வாங்குங்கள். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய நாள்களும் உண்டு, மாலையில் இடி மழை வரும். உணவில் ‘ஹிமோகாவா’ என்ற அகலமான பட்டை உடோனை (கோதுமை நூடுல்ஸ்) கட்டாயம் சாப்பிடுங்கள். சில கடைகளில் ஒரு பட்டை உள்ளங்கையை விட அகலமாக இருக்கும். தறியை விட்டு எழ நேரமில்லாத பெண்கள் சட்டென்று செய்ததால் இது வந்தது என்பார்கள். அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை, ஆனால் வறண்ட குளிர்காலத்தில் இந்த வட்டாரத்தில் கோதுமை நன்றாக விளையும் என்பது உண்மை. நீங்கள் சைவம் என்றால் ஒன்று கவனியுங்கள், உடோன் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

டோக்கியோவின் அசாகுசாவிலிருந்து தோபு ரயிலின் விரைவு வண்டியில் ஷின்-கிரியூவுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். ஊர் நடுவிலுள்ள கிரியூ நிலையத்துக்கு 1888-இல் போட்ட ரியோமோ பாதை போகிறது. அதில் கதவு தானாகத் திறக்காது, பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முதல் நாள் கதவுக்கு முன் நின்று இறங்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். 1928-இலிருந்து ஓடும் ஜோமோ மின்ரயிலில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். வாத்தாராசே ஆற்றோரம் மேலே போகும் மலை ரயில், ஆஷியோ செம்புச் சுரங்கத்துக்காகப் போட்டது. அந்தச் சுரங்கத்தின் நச்சு ஆற்றில் இறங்கி வயல்களைப் பாழாக்கியது ஜப்பானின் முதல் பெரிய தொழில் மாசுக் கொடுமை. சுரங்கம் 1973-இல் மூடியது. இலையுதிர்காலத்தில் ஒருமுறை அந்த ரயிலில் போய், மொட்டையாகிப்போன மலைகளையும் அங்கே மறுபடி மரம் நடுவதையும் பாருங்கள். மற்றபடி ரயில்கள் அடிக்கடி கிடையாது, ஆலைக்குப் போகக் கார் ஓட்டத் தெரிந்திருப்பது நல்லது. ஜப்பானிய மொழி கொஞ்சமாவது கற்றுக்கொண்டு போங்கள், ஆங்கிலத்தை வைத்து அங்கே கடையில் ஊசிகூட வாங்க முடியாது. ஆகஸ்டு தொடக்கத்தில் யாகிபுஷி என்ற நாட்டுப்பாடல் விழாவில் மூன்று நாள் ஊரே தெருவில் ஆடும், கூச்சப்படாமல் வட்டத்துக்குள் போய்விடுங்கள், ஒருவர் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பார்.

போய்ச் சேர்ந்ததும் முதல் ஞாயிறு ஹொன்சோ கடைவீதிக்குப் போகாதீர்கள். பின்சந்துகளில் நடங்கள். எங்காவது ஒரு சுவருக்குப் பின்னால் தறி ஓடும், நின்று கேளுங்கள். வாசலில் யாராவது இருந்தால் வணக்கம் சொல்லுங்கள், பெரும்பாலும் உள்ளே கூப்பிடுவார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை டென்மாங்கு கோயில் வளாகத்தில் பழம்பொருள் சந்தை கூடும்; ஊடை ஓட்டும் பழைய தறி நாடாக்கள், நூல் உருளைகள், அட்டை வெட்டிய கற்றைகள் கிடைக்கும். அப்புறம் வானம் தெளிவாக இருக்கும் ஒரு காலையில் ஊருக்குப் பின்னாலிருக்கும் அசுமா மலையில் ஏறுங்கள், 481 மீட்டர்தான், ஒரு மணி நேரம் போதும். நிலையத்திலிருந்து நடக்கும்போது ரம்பப் பல் கூரைகளின் ஓட்டு முதுகுதான் தெரியும். மலை ஊருக்கு வடக்கே இருக்கிறது. மேலேயிருந்து கீழே வீடுகளுக்கு நடுவே பொறுமையாகத் தேடினால் அவற்றின் கண்ணாடிப் பக்கம் உங்களைப் பார்த்தபடி இருக்கும்.